ரோஸ்லின் கேட்ட தறிச் சத்தம்

ஆரணிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது தறிச் சத்தம் அல்ல. பூண்டு விற்கும் வண்டியில் பதிவுசெய்து வைத்த ஒரு குரல், ஒரு நகைக்கடையின் அறிவிப்பு, பின்னால் வந்த பேருந்தின் ஹாரன். "பஸ் ஸ்டாண்டுல எறங்கினாலே தறி கேக்கும் மேடம்" என்று லிஸ்பனில் ரோஸ்லின் சொல்லியிருந்தாள். அவள் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரு டீ குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்று கேட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

ரோஸ்லின் ஆரணிக்காரி. லிஸ்பனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மாலையில் ஜாஸ் பாடகி. போன மாதம் மகளின் பிரசவத்துக்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஒரு சின்ன உணவகத்தில் சுட்ட மத்தி மீனிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தபோது, அதுவரை ஓரமாக நின்று பாடிக்கொண்டிருந்த பெண் நேராக எங்கள் மேஜைக்கு வந்து, "இன்னா ஊர் நீங்க?" என்றாள். நாங்கள் பேசிய தமிழ், பாட்டின் நடுவிலேயே அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ரசம் சாப்பிட எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய முதல் ஆல்பம் ஏறக்குறைய முடிந்திருந்தது. பிரேசில், கியூபா பக்கத்துப் பாடல்கள்; பெரும்பாலும் போசா நோவா. அதைக் கேட்காதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், கிட்டார் அவசரமில்லாமல் நடக்கும். பாடுகிறவர் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருக்குச் சொல்வதுபோலப் பாடுவார். குரலை உயர்த்தினால் கெட்டுவிடும். கடைசிப் பாட்டு மட்டும் ரோஸ்லினே எழுதி மெட்டமைத்தது. அதில் மேளம் கிடையாது. அந்த இடத்தில் தறி ஓட வேண்டும். அதுவும் அவள் அக்கா எஸ்தரின் தறி.

"எங்கக்கா ரெண்டு தட்டு தட்டிட்டு, மூணாவதுக்கு ஒரு மூச்சு நிக்கும். அந்த எடத்துலதான் நான் பாட்டை எடுக்கறேன்" என்றாள். ஒலிப்பதிவாளர் இணையத்திலிருந்து ஏதோ ஒரு தறியை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். "நல்லாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா அது யாரோ."

சிக்கல் என்னவென்றால், எஸ்தர் ஆறு வருடமாக அவளிடம் பேசுவதில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு ரோஸ்லின் வரவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றார்கள். இருந்துவிட்டாள். அக்கா அதை மன்னிக்கவில்லை. இப்போது சனிக்கிழமைக்குள் ஒலிக்கலவையை முடித்தாக வேண்டும். அதற்குள் தறி வந்து சேராவிட்டால் அந்தப் பாட்டு ஆல்பத்தில் இல்லை.

நான் சென்னைக்குத் திரும்பும் நேரம் அது. செய்தித்தாள் வேலையில் பேட்டி எடுத்தே பிழைத்தவள் நான். சத்தம் எடுப்பது பேட்டியைவிட எளிது, அது மறுத்துப் பேசாது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் எஸ்தரின் வீடு பூட்டியிருந்தது. தெருவில் தறிகள் நன்றாகவே கேட்டன. மோட்டார் பொருத்தியவை ஒரே சீராக ஓடின. கைத்தறிகள் தட்டின, நின்றன, மறுபடி தட்டின. எஸ்தரைப் பற்றி விசாரிக்கலாம் என்று பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே தறி நின்றது. தறியில் இருந்தவர் எழுந்து வந்தார். அவர் மனைவி டிவியை ஊமையாக்கினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போடப்பட்டது. ஃபேன் என் பக்கம் திருப்பப்பட்டது.

"நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"அது எப்படிங்க? வூட்டுக்கு வந்தவங்கள ஒக்கார வெச்சுட்டு தடதடன்னு ஓட்டறதா?"

எதிர் வீட்டில், எடுத்துப் பழகிக்கொள்ளலாம் என்று ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டே நுழைந்தேன். அங்கேயும் நின்றது. தறிச் சத்தம்தான் எனக்கு வேண்டும் என்று சொன்னதும் அந்த வீட்டம்மாள் சிரித்துவிட்டார். "இந்தத் தெருவுல ஒரு ஆள் வந்து செருப்பு கழட்டினா தறி நிக்கணும் மேடம். நிக்காம ஓடிகினே இருந்தா வந்தவங்க ஒண்ணு பகையாளி, இல்லாட்டி வூட்டு ஆளு. நீங்க ரெண்டும் இல்லியே."

லிஸ்பனில் என் மகள் வீட்டுக்குக் கீழே ஒரு தையற்கடை உண்டு. பொத்தான் தைக்கக் கொடுத்தபோது அந்த அம்மாள் மெஷினை நிறுத்தவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மரியாதைக் குறைவு என்று அப்போது எனக்குப் பட்டது. ஆரணியில் அந்த அம்மாளைப் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

எஸ்தரின் கணவர் ஜெயராஜ் சாயங்காலம் மொபெட்டில் வந்தார். அரிசி ஆலையில் வேலை; சட்டைக் காலருக்குள் கைக்குட்டை. "ரோசி சொல்லிச்சு நீங்க வருவீங்கன்னு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, உடனே சுற்றிப் பார்த்துக்கொண்டார். எஸ்தர், தங்கள் சபைக் கோயில் பெண்களோடு பெரணமல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

"எப்ப வருவாங்க?"

"நாளைக்கு வந்துடுவாங்க."

"நாளைக்கு எப்ப?"

"வந்துடுவாங்க மேடம். இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தி?"

விடுதி அறையில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஹாரன், மூடினால் புழுக்கம். ரோஸ்லினிடமிருந்து குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது: கிடைத்ததா, பார்த்தீர்களா, என்ன சொன்னாள். சாப்பிடப் போன மெஸ்ஸில் சோறு பூப்போல இருந்தது. சென்னையில் கடைக்குக் கடை ஆரணி அரிசி என்று எழுதி வைத்திருப்பார்களே, அதுதானா இது என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன். "தெரியலீங்க. மூட்டையில வருது" என்றார்.

வியாழக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. நாமே பெரணமல்லூர் போய் எஸ்தரைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். நிலையத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு பேருந்தின் பின்பலகையில் பெரணமல்லூர் என்று இருந்தது. ஓடிப்போய்ப் பின்படியில் ஏறினேன். ஊரைத் தாண்டி நன்றாக வேகம் பிடித்த பிறகுதான் நடத்துநர் வந்தார்.

"இது கலசப்பாக்கம் போவுதுங்க."

"பின்னாடி பெரணமல்லூர்னு போட்டிருக்கே?"

"அது நேத்து ஓட்டினது. மாத்தல. முன்னாடி போர்டுதான் கணக்கு."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பி, "பின்னாடி போர்டை யாராவது பாப்பாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பாவம், வெளியூரு" என்றார். போளூர்ச் சாலையில் இறக்கிவிட்டார்கள். புளியமரம், பஞ்சர் கடை, வேறு எதுவும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் வெள்ளரிப் பிஞ்சில் மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார். "பஸ்ஸு வந்துகினே இருக்கும்" என்றார். வரவில்லை. கடைசியில் வந்தது ஒரு ஷேர் ஆட்டோ. அதில் எனக்குப் பக்கத்தில் கால்கள் கட்டிய நான்கு கோழிகள் இருந்தன. வழிநெடுக அவற்றில் ஒன்று என் பையைக் கொத்திக்கொண்டே வந்தது.

ஆரணிக்குத் திரும்பி, நேராக எஸ்தரின் தெருவுக்கே போனேன். வீடு திறந்திருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன் சற்று நின்றேன். இரண்டு தட்டு. ஒரு மூச்சு. ஒரு தட்டு. ரோஸ்லின் சொன்னது சரிதான்; அந்த மூச்சு உண்மையிலேயே இருந்தது. ரெக்கார்டர் பைக்குள் இருந்தது. குனிந்து அதைத் துழாவினேன். என் தலை வாசலில் தெரிந்திருக்க வேண்டும். தறி நின்றது.

"போர்டு பாக்காம ஏறிட்டீங்களாமே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது ஜெயராஜிடம் போனில் புலம்பியிருந்தேன்.

எஸ்தருக்கு நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். தறியில் கிளிப்பச்சைப் புடவை, அரக்குக் கரை. என்னை உட்கார வைத்து, கேழ்வரகு அடையைச் சுடச்சுடத் தட்டில் போட்டு, முருங்கைக்கீரை தெரியும்படி திருப்பி வைத்தார். நான் ஒரு வாய் தின்ற பிறகுதான் கேட்டார்.

"அவ அனுப்பினாளா?"

"ஆமாம். அவளோட கடைசிப் பாட்டுக்கு உங்க தறிச் சத்தம் வேணுமாம்."

"ஏன், அவளுக்கு வாய் இல்லியா?"

"நீங்க போனை எடுக்கறதில்லைன்னு சொன்னா."

"பெத்தவளுக்கு மண்ணு போட வரல. இப்ப தறி மட்டும் வேணுமா?" சட்னியை என் பக்கம் நகர்த்தினார். "நான் புடவ நெய்யறேன் மேடம். அவ பாட்டுக்குத் தாளம் போடறதுக்கு ஒக்காரல. இன்னொரு அடை போடட்டுமா?"

மூன்று அடை தின்றேன். தறி ஓடவில்லை. நான் எழுந்து தெருமுனை திரும்பும் வரை ஓடவில்லை. திரும்பியதும் ஓடத் தொடங்கியது.

ஜெயராஜ் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தார். "கோவம் இல்ல மேடம் அது. அவங்க அம்மாவக் கடைசி வரைக்கும் இவங்கதான் பாத்துகினு கெடந்தாங்க. தனியா." கொஞ்ச தூரம் போய், "காத்தால பின்பக்க ஜன்னலாண்ட நின்னு எடுத்துக்கோங்க. தெரியாது" என்றார்.

கேட்காமல் எடுப்பது எனக்கு வழக்கமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை அந்த ஜன்னலருகே நின்றேன். சனிக்கிழமை அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. ரெக்கார்டரைக் கம்பியோரம் நீட்டினேன். உள்ளே இரண்டு தட்டு. ஒரு மூச்சு. அதோடு சரி.

"நெழல் பாவு மேல வுழுது மேடம்" என்றார் எஸ்தர். "முன்பக்கமா வாங்க. காப்பி போடறேன்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். அதன்மேல் என் தலையும் கையும் ரெக்கார்டரும் தெளிவாக விழுந்திருந்தன. அப்படிப் பிடிபட்டது என் தொழிலில் அதுவே முதல் முறை. ஜெயராஜ் ஆலைக்குக் கிளம்பாமல் ஏதோ தேடுவதுபோல் அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "அவ பாட்டை நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு அனுப்பினா, கேக்கறதுக்கு?"

நியாயமான கேள்வி. தறியைக் கேட்டவள் பாட்டை அனுப்பவில்லை. என் போனில் முழு ஆல்பமும் இருந்தது. முதல் பாட்டைப் போட்டேன். கிட்டார் வந்தது. பிறகு ரோஸ்லின்.

எஸ்தர் காதைச் சாய்த்தார். "சத்தம் ஏத்துங்க."

"முழுசா ஏத்தியாச்சு."

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். மறுபடி உட்கார்ந்தார். "இன்னா, பேசிகினே கீறா? எப்ப பாட ஆரம்பிப்பா?"

"இதுதாங்க பாட்டு."

அவர் முகம் மாறியது. இரண்டாவது பாட்டு, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் போனை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். நான்காவதில் நிறுத்தச் சொன்னார்.

"தொண்டைக்கு இன்னா அவளுக்கு?"

"ஒண்ணுமில்ல. இந்த வகைப் பாட்டை மெதுவாத்தான் பாடணும். அதான் முறை."

"ஸ்டைலு எஸ்தரு அது" என்றார் ஜெயராஜ், அலமாரிக்குள்ளிருந்து.

"நீங்க சும்மா இருங்க. ரெண்டு பேரும் சேந்து மறைக்கறீங்க." என் பக்கம் திரும்பினார். "கோயில்ல மைக்கு ரிப்பேரான அன்னிக்குக்கூட அவ பாடினா வெளிய ரோட்டுல நிக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க மேடம். தறி மேல ஏறிப் பாடுற தொண்டை அது. இந்தத் தெருவுல மெதுவாப் பாடினா யாருக்குக் கேக்கும்? எங்கம்மாவும் பாடுவாங்க. முன்வரிசை. ஒரு நாளு பின்வரிசைல போய் நின்னுக்கிட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, மெதுவாப் பாடணும்போல இருக்குதுடின்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம். வேலூருக்குக் கூட்டிகினு போறதுக்குள்ள தொண்டை பூராவும் கட்டி பரவிடுச்சு."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அவளுக்குப் போன் போடுங்க."

நான் எண்ணைத் தேடுவதற்குள் ஜெயராஜ் தன் போனை நீட்டிவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் திரையைப் பார்த்தார். அதில் 'அரிசி மண்டி' என்றிருந்தது.

"இதுதான் உங்க அரிசி மண்டியா?" என்றார். "ஞாயித்துக்கெழம கூட மண்டி கூப்புடுதேன்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன்."

ஜெயராஜ் பதில் சொல்வதற்குள் மறுமுனையில் தூக்கக் கலக்கத்தோடு, "சொல்லுங்க மாமா" என்றாள் ரோஸ்லின். லிஸ்பனில் அப்போது இன்னும் விடிந்திருக்காது.

"தொண்டைக்கு இன்னாடி?"

விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா?"

"தொண்டைக்கு இன்னான்னு கேட்டேன். டாக்டராண்ட காமிச்சியா?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கறேன்."

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. பாடு."

"இப்பவா? எல்லாரும் தூங்கறாங்க இங்க."

"பாடுடி. கோயில்ல பாடுற மாதிரி. வாயத் தொறந்து."

ரோஸ்லின் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலுக்கே எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கீர்த்தனை வந்தது. முதல் அடி தயக்கமாக. "மேல போ" என்றார் எஸ்தர். ரோஸ்லின் மேலே போனாள். அந்தச் சின்னப் போன் தாங்காமல் இரைந்தது. லிஸ்பனில் அவள் பாடி நான் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "இன்னும்" என்றார் எஸ்தர். அவள் இன்னும் போனாள். எஸ்தரின் உதடுகள் அசைந்தன. கொஞ்ச நேரத்தில் கீழ்க்குரலில் அவரும் பாடிக்கொண்டிருந்தார். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுமுனையில் ஏதோ மொத்துகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றது.

"இன்னாடி அது?"

"பக்கத்து வூட்டுக்காரரு அக்கா. சுவத்தைத் தட்டறாரு."

"தட்டட்டும்." எஸ்தர் மூக்கை உறிஞ்சினார். "சரி. இப்ப அந்த மெதுப்பாட்டைப் பாடு. கடைசிப் பாட்டு, என்னுது எதுவோ கேட்டியாமே."

ரோஸ்லின் பாடினாள். சுவரைத் தட்டியவரும் அடங்கியிருக்க வேண்டும். எஸ்தர் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு முதல் சரணம் முழுக்கக் கேட்டார்.

"வேணும்னேதான் மெதுவாப் பாடறியா?"

"ஆமாக்கா."

"முடியாமப் பாடறது இல்லியே?"

"சத்தியமா இல்லக்கா."

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, "ஆனா ஒருத்தருக்கும் கேக்காது."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தறியின் பக்கக்கட்டையில் சாய்த்து வைத்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். "நீ பாடிகினு இரு. எனக்கு வேலை கெடக்குது" என்றார். தறி ஓடியது. இரண்டு தட்டு, ஒரு மூச்சு, ஒரு தட்டு. அந்த மூச்சில் ரோஸ்லின் அடியெடுத்தாள்.

நான் ரெக்கார்டரைத் தூக்கிக் காட்டினேன். எஸ்தர் நூலிலிருந்து கண்ணெடுக்காமல் தலையை மட்டும் அசைத்தார். எடுத்தேன். பாட்டு முடிந்தும் தறி நிற்கவில்லை. எடை குறைந்திருக்கிறாயா, யார் சமைக்கிறார்கள், அங்கே கோயில் இருக்கிறதா என்று தட்டுக்கு நடுவே கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. தட்டுக்கு நடுவே பதில்களும் வந்தன. ஒருமுறை ரோஸ்லின் அழுதாள். அதற்கும் தறி நிற்கவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் நீண்டது.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, "வரேங்க" என்றேன். மறுபடியும் சொன்னேன். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

ஜெயராஜ் பின்னாலேயே ஒரு பொட்டலத்தோடு ஓடிவந்தார். அதிமதுரமும் பனங்கற்கண்டும். எஸ்தர் சைகையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எப்படியாவது லிஸ்பனுக்கு அனுப்ப வேண்டுமாம். பொட்டலத்தை என் பையில் வைத்துவிட்டு, சங்கடத்தோடு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க கெளம்பறது அவங்களுக்குத் தெரியல. தறிய நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

ரெக்கார்டர் அப்போதும் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். லிஸ்பனில் மற்றதையெல்லாம் பாட்டில் வைத்துக்கொண்டு, என் 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டார்கள்.